ஒரு வாரம் கழித்து வந்த ஜுரம்

1

ஜெர்மனியில் ஒரு பிள்ளையைக் காப்பகத்தில் சேர்ப்பது நம்மூரில் கான்வென்ட் சீட் வாங்குவதைவிடப் பெரிய பாடு. ஆரோன் என் வயிற்றில் இருக்கும்போதே போய் இடம் கேட்டோம். பிள்ளையின் பெயர் என்ன என்றார்கள். இன்னும் பிறக்கவே இல்லையே என்றேன். "பிறக்காத குழந்தை" என்று எழுதுங்கள் போதும் என்றார் காப்பகத்து அம்மாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். அவனுக்கு ஒரு வயது முடிந்த பிறகு இடம் கிடைத்தது, கூடவே ஒரு கடிதமும் வந்தது. தட்டம்மை ஊசி போட்டதற்கு அத்தாட்சி இல்லாமல் பிள்ளை உள்ளே வர முடியாதாம்.

மருத்துவரிடம் நேரம் கேட்டால், நாங்கள் ஊருக்கு விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்புதான் கொடுத்தார்கள். சரி, ஊசியையும் போட்டுக்கொண்டே போவோம் என்று ஆரோனையும் எட்டு வயது நிஷாவையும் இழுத்துக்கொண்டு போனேன். மருத்துவர் நல்ல மனிதர், ஆனால் நிறையப் பேசுவார். என் ஜெர்மன் கடைகண்ணிக்குப் போதும். மருத்துவர் வேகத்துக்குப் போதாது. வினைச்சொல் கடைசியில் வருவது தமிழச்சிக்குப் புதிதில்லைதான், ஆனால் இவர் அந்தக் கடைசிக்கு வந்து சேர்வதற்குள் ஆரம்பத்தில் சொன்னது எனக்கு மறந்துபோகிறது. ஊசி, ஜுரம், பயப்படாதீர்கள் என்று மூன்றைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினேன். ஜுரம் வந்தால் வைக்க ஒரு பெட்டி மருந்தும் எழுதிக் கொடுத்தார்.

அந்த மருந்தைப் பற்றி ஊர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். இங்கே சின்னப் பிள்ளைகளுக்கு ஜுரம் என்றால் பெரும்பாலும் வாய்வழியே மருந்து தருவதில்லை. மெழுகில் செய்த சின்ன குண்டு மாதிரி ஒன்றைப் பின்பக்கமாக உள்ளே வைக்கச் சொல்கிறார்கள். நிஷா பிறந்த புதிதில் இதை முதன்முதலாகப் பார்த்தபோது இது என்னடா கொடுமை என்று அழுதேன். இப்போது பழகிவிட்டது. துப்ப முடியாது, வாந்தி எடுக்க முடியாது, அது ஒரு வசதி.

அன்றைக்கு முழுதும் ஆரோனின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மறுநாளும் ஒன்றுமில்லை. லீவு கிடைக்காமல் இங்கேயே தங்கிவிட்ட என் கணவர் ஜெரால்டிடம், "பாத்தீங்களா, ஊசி போட்டதே தெரியல" என்று பெருமையடித்துவிட்டு விமானம் ஏறினேன்.

2

எங்கள் ஊர் மண்ணூர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை தேடி வருகிறவர்கள் எல்லோருக்கும் இப்போது தெரிந்த ஊர்தான். நான் கல்யாணமாகிக் கிளம்பியபோது எங்கள் தெருவில் நாலு வீடு. இப்போது தெரு முழுக்க வாடகை வீடுகள், ஒவ்வொரு மாடியிலும் பல ஊர்ப் பிள்ளைகள், வாசலில் கம்பெனி பஸ். எனக்கு அதில் வருத்தமில்லை. கோவில்பட்டித் தமிழும் ஒடியாவும் எங்கள் வாசலிலேயே கேட்பது நன்றாகத்தான் இருக்கிறது.

வீட்டில் மூன்று பேர் சம்பாதிக்கிறார்கள். அப்பா ஒரு கம்பெனி கேட்டில் நைட் செக்யூரிட்டி. தங்கை ஜெசி ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் அசெம்பிளி லைனில் நிற்கிறாள். அவள் புருஷன் தாஸ் வேறொரு கம்பெனியில் லைன் லீடர். ஜெசிக்கும் தாஸுக்கும் வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். ஒருத்தர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இன்னொருத்தர் ஏறுவார். நடுவில் கைமாறுகிற ஒரே பொருள் இம்மு. இமானுவேல் என்று ஞானஸ்நானம் கொடுத்த, ஒன்பது மாதம் முடிந்த அவர்கள் மகன்.

கைமாறும்போது கம்பெனியில் செய்வதைப் போலவே ஹேண்ட்ஓவர் கொடுப்பார்கள். இதை தாஸ்தான் ஆரம்பித்து வைத்தானாம். பால் எத்தனை மணிக்கு, தூக்கம் எவ்வளவு, வெளிக்குப் போனானா, அழுதானா. தன் ஷிஃப்டில் நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும், அதற்கு முந்தைய கதை பேசக் கூடாது, பேசினால் பஸ் போய்விடும். முதல் நாள் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூன்றாம் நாள் நானே ஆரோனை அப்பாவிடம் கொடுக்கும்போது, "இட்லி ரெண்டு, தூங்கல, மூஞ்சில கீறிக்கினான்" என்று ஒப்பித்தேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, ஒன்றைத் தவிர. இம்முவுக்கு ஒன்பது மாத ஊசி போட வேண்டும், தட்டம்மைக்கானது. மண்ணூரிலேயே புதன்கிழமை போடுகிறார்கள், காசு கிடையாது. ஜெசி போடமாட்டேன் என்று நின்றாள். போன தடவை ஊசி போட்ட அன்றைக்கே ஜுரம் வந்து, மறுநாள் அவள் லீவு போட்டு, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். இந்த மாதம்தான் அவளை நிரந்தரமாக்கும் பேச்சு நடக்கிறது. நடுவில் ஒரு ஆப்சென்ட் விழுந்தாலும் அவள் பெயர் பின்னால் போய்விடும்.

"கன்ஃபர்ம் ஆவட்டும்க்கா, அப்பால போட்டுக்கலாம். ஊசி எங்க ஓடியா போவுது?" என்றாள்.

ஊசி ஓடாது, தட்டம்மை ஓடி வரும் என்றேன். தெருவில் இத்தனை வீடு, இத்தனை பிள்ளை, யார் எங்கிருந்து எதைக் கொண்டு வருகிறார்கள் என்று யாருக்குத் தெரியும். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ரெண்டு வாரம் வந்துவிட்டுப் போகிறவர்கள் சொல்வது சுலபம், ஜுரம் வந்தால் லீவு போடப் போவது நீயா நானா என்று கேட்டாள். எனக்கும் கோபம் வந்தது. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

3

அந்தச் சண்டை ஆறுவதற்குள் ஆரோனுக்கு ஜுரம் வந்துவிட்டது. காலையில் நன்றாக விளையாடியவன் மதியம் உடம்பு கொதிக்கப் படுத்துக்கொண்டான்.

வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. காலை ஏ ஷிஃப்ட் முடித்து வந்த தாஸ், நேற்று வல்லக்கோட்டை போய்விட்டு வரும் வழியில் வாங்கிக் கொடுத்த ஐஸ்தான் காரணம் என்றான். நைட் டூட்டிக்காகப் பகலில் தூங்கி எழுந்த அப்பா, அண்டா தண்ணீரில் பிள்ளையை உட்காரவைத்து விளையாடவிட்டதைச் சொன்னார். எதிர்வீட்டு அம்மாள் வந்து, சிவப்பாய்க் குண்டாய் இருக்கிற பிள்ளையைத் தெருவில் வைத்துக்கொண்டு நின்றால் கண் படாமல் என்ன செய்யும் என்றார். நான் கொசு என்றேன். டெங்கு என்ற வார்த்தையை வாயால் சொல்லப் பயந்து மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொருவரும் அவரவர் ஷிஃப்டுக்குள்ளேயே காரணம் தேடினோம். ஒரு வாரத்துக்கு முந்தைய நாளை யாருமே திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு வார லீவில் இருந்த ஜெசி மட்டும் இம்முவைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போய்விட்டாள். ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம். நியாயம்தான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

பெட்டியைத் திறந்து ஜெர்மன் மருந்தை எடுத்தேன். மண்ணூர் வெயிலில், அந்தத் தகரக் கூரை அறையில், ஒரு வாரமாகப் பெட்டிக்குள் கிடந்தது. உறையைப் பிரித்தால் உள்ளே குண்டும் இல்லை, மெழுகும் இல்லை, வெள்ளையாக எண்ணெய் வழிந்தது. தாஸ் விரலில் தொட்டு, வெளிச்சத்தில் காட்டி, முகர்ந்தும் பார்த்தான்.

"இன்னா அண்ணி இது, கிரீஸா?"

எதற்கான மருந்து, எங்கே வைப்பது என்று நிஷா தெளிவாக விளக்கினாள். அந்த விரலைக் கழுவ ஓடியவன் அரைமணி நேரம் குழாயடியை விட்டு வரவில்லை. பிள்ளைக்கு ஜுரம் கொதிக்கும்போது சிரிக்கிறோமே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் சிரித்தேன்.

அப்புறம் தாஸ் மருந்துக்கடைக்குப் போய்ப் பாரசிட்டமால் வாங்கி வந்தான். பாட்டிலும் கூடவே ஒரு சொட்டுக்குழலும். ஜெர்மனியில் நிஷாவுக்கு எப்போதோ கொடுத்த சிரப்பின் அளவு எனக்கு மனப்பாடம். அந்த அளவை எடுக்கப் பார்த்தால் சொட்டுக்குழல் ரொம்பச் சின்னது, நாலு தடவை உறிஞ்ச வேண்டும் போலிருந்தது. எதற்கு இவ்வளவு சின்னதாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று எரிச்சலோடு லேபிளைப் பார்த்தேன். பார்த்ததும் ஐயோ என்று கத்திவிட்டேன். அது சிரப்பு இல்லை, சொட்டு மருந்து. ஒரு மில்லியில் இருக்கிற மருந்து ஜெர்மன் சிரப்பில் இருப்பதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல். ஊருக்கு ஊர் பாட்டில் மாறும், ஒரே கடையிலேயே மூன்று விதம் இருக்கும். வெளிநாட்டிலிருந்து பிள்ளையோடு வருகிறவர்கள் இதை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மில்லி கணக்கு மனப்பாடமாக இருந்தால் அதை மறந்துவிடுங்கள். பிள்ளையின் எடையைச் சொல்லி, கையிலிருக்கும் பாட்டிலைக் காட்டி, அளவைக் கேட்டு வாங்குங்கள்.

நான் பாட்டிலை மூடிவைத்தேன். சத்தம் கேட்டு வெளியே வந்த ஜெசி என் முகத்தைப் பார்த்தாள். இம்முவை அப்பா கையில் கொடுத்துவிட்டு ஸ்கூட்டி சாவியை எடுத்தாள். சண்டை போட்டவள்தான். "ஏறுக்கா" என்றாள்.

4

ஸ்ரீபெரும்புதூரில் ஜெசி வழக்கமாகப் போகும் பிள்ளைகள் டாக்டரம்மாவின் கிளினிக். காது, தொண்டை, நெஞ்சு எல்லாம் பார்த்தார். சட்டையைத் தூக்கினால் வயிற்றில் லேசாகச் சிவப்புப் புள்ளிகள். எனக்கு உயிரே போய்விட்டது.

"சமீபத்துல ஊசி ஏதாவது போட்டீங்களா?"

இல்லை என்றேன். பிறகுதான் ஞாபகம் வந்து, போட்டோம், ஆனால் இங்கே இல்லை, ஜெர்மனியில், அன்றைக்கு ஒன்றுமே ஆகவில்லை என்றேன். என்ன ஊசி, எப்போது என்று கேட்டார். சொன்னேன். காலண்டரைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

"அன்னைக்கு ஒண்ணும் ஆகாது. இந்த ஊசிக்கு ஜுரம் வர்றதா இருந்தா ஒரு வாரம், பத்து நாள் கழிச்சுதான் வரும். நீங்க ஊசியை மறந்த பிறகு வரும்."

நமக்குப் பழக்கமானது முத்தடுப்பு ஊசி ஜுரம். போட்ட அன்றோ மறுநாளோ வந்து, ஓரிரு நாளில் போய்விடும். தட்டம்மை ஊசி வேறு மாதிரி. உள்ளே போய் நிதானமாக வேலை பார்த்துப் பிறகு ஜுரமாக, சில பிள்ளைகளுக்குப் புள்ளிகளாகவும் வெளியே தெரியும். எல்லாப் பிள்ளைக்கும் வராது. வராவிட்டால் ஊசி வேலை செய்யவில்லை என்றும் அர்த்தமில்லை. அடுத்த பிள்ளைக்கு இது ஒட்டாது என்றும் சொன்னார். ஜெசி மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

எடை பார்த்து மருந்தின் அளவு சொன்னார். தெர்மாமீட்டரைப் பார்த்துக் கொடுக்காதே, பிள்ளையைப் பார்த்துக் கொடு என்றார். ஜுரம் இருந்தும் விளையாடுகிறவனுக்கு மருந்தே தேவையில்லை, துவண்டு அழுதால் கொடு. ஒரு தடவை கொடுத்தால் ஆறு மணி நேரமாவது விடு. தூங்குகிறவனை மருந்துக்காக எழுப்பாதே. ஸ்வெட்டர், குல்லா, கம்பளி வேண்டாம். ஐஸ் தண்ணீரில் துடைக்காதே. ஒரு மெல்லிசுச் சட்டை, ஃபேன் காற்று, அடிக்கடி பாலும் தண்ணீரும். இது ஊசி ஜுரமாகத்தான் தெரிகிறது, ஆனாலும் ரெண்டு நாளில் இறங்காவிட்டால் ரத்தம் பார்க்கலாம். குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் விழிக்காமல் கிடந்தால், மூச்சு வாங்கினால், ஒண்ணுக்குப் போவது குறைந்தால், வலிப்பு வந்தால், அந்த நேரமே தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

இதையெல்லாம் ஜெர்மன் டாக்டரும் சொல்லித்தான் இருப்பார் என்று அப்போதுதான் தோன்றியது. பாவம் மனுஷன், அந்த நீள நீள வாக்கியங்களில் வேறென்ன இருந்திருக்கப் போகிறது.

கிளம்பும்போது நான் சும்மா இருக்கவில்லை. தங்கை பையனுக்கு ஒன்பது மாத ஊசி இன்னும் போடவில்லை டாக்டர் என்று போட்டுக்கொடுத்தேன். ஜெசி என் தொடையைக் கிள்ளினாள். டாக்டரம்மா திட்டவில்லை, ஏன் என்று மட்டும் கேட்டார். ஜெசி ஷிஃப்ட் கதையைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஜுரம் வந்தா ரெண்டு மூணு நாள்ல போயிடும்மா. தட்டம்மை வந்தா எத்தனை நாள், எதுல போய் முடியும்னு என்னால சொல்ல முடியாது."

திரும்பி வரும்போது பாதி வழியில் ஜெசி ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தி விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். புதன்கிழமை போட்டால், ஜுரம் வருவதாக இருந்தால் அடுத்த வாரக் கடைசியில் வரும். அந்த வாரம் அவளுக்கு மதியம் தொடங்குகிற பி ஷிஃப்ட், தாஸுக்குக் காலை ஏ ஷிஃப்ட். பகலில் அப்பா இருப்பார். அப்பா டூட்டிக்குப் போனதிலிருந்து, ஜெசியின் பஸ் வருகிற நடுராத்திரிவரை தாஸ் மட்டும்தான்.

"அந்த ஆளு பட்த்தா பொணம்க்கா. கொயந்த கத்துனாலும் எழுந்துக்காது. போன் அடிச்சாதான் எழுந்துக்கும், பஸ் டிரைவர் போன்னு."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எங்கிருந்து என்றாள். அங்கிருந்துதான் என்றேன். உங்களுக்கு ராத்திரி எட்டு மணி என்றால் எனக்குச் சாயங்காலம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீடு வந்திருப்பேன். இம்மு பக்கத்தில் வீட்டுப் பழைய ஃபோனில் வீடியோ காலைத் திறந்து வைத்தால் நான் பார்த்துக்கொண்டே இருப்பேன், அவன் அழுதால் தாஸின் ஃபோனுக்கு அடிப்பேன். ஜெசி முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"மெய்யாவா? அங்க போனப்பறம், வேலையா கீறேன், அப்பறம் கூப்பிடறேன்னு வெச்சிட மாட்டியே?"

இத்தனை வருஷத்தில் எத்தனை தடவை அப்படி வைத்திருக்கிறேன் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். மாட்டேன் என்றேன். அவள் வண்டியை எடுத்தாள்.

ஆரோனின் ஜுரம் மறுநாள் மாலையே இறங்கியது. புள்ளிகளும் மங்கின. புதன்கிழமை இம்முவுக்கு ஊசி போட்டார்கள். போட்டதும் அரைமணி நேரம் உட்காரவைத்தே அனுப்பினார் நர்ஸ். வீல் என்று ஒரே ஒரு கத்தல், அப்புறம் நர்ஸின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தான். சனிக்கிழமை நாங்கள் விமானம் ஏறினோம்.

5

இங்கே வந்து ஆரோனைக் காப்பகத்தில் விட்டாயிற்று. அத்தாட்சியைக் காட்டியதும் அந்தம்மாளே வாசல்வரை வந்து கைகுலுக்கினார். அப்படியும் ஜுரம் என்னை விடவில்லை. ஒருநாள் அவன் உடம்பு லேசாகச் சுடுவதைக் காப்பகத்தாருக்கு ஃபோனில் சொல்லப்போய், எனக்குத் தெரிந்த ஜெர்மனில் என் பையன் சூடாக உணர்கிறான் என்று சொல்லிவைத்தேன். அப்படியானால் மெல்லிய உடை போட்டு அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன். வெறும் வெயில்தான் போலிருக்கிறது, சாயங்காலம் அவன் குளிர்ந்துதான் இருந்தான்.

இம்முவுக்கு ஊசி போட்ட எட்டாம் நாள், வியாழக்கிழமை, தாஸின் குரல் செய்தி வந்தது. "அண்ணி, வந்துட்ச்சி. ஏழு மணிக்கு மருந்து குட்த்துட்டேன். பால் குட்ச்சான். இனிமே உங்க ஷிஃப்ட்." அவன் குரலில் பயமே இல்லை. வரவேண்டிய பஸ் வந்துவிட்ட நிம்மதிதான் இருந்தது.

ஃபோனை எண்ணெய் பாட்டிலில் சாய்த்து வைத்தேன். திரையில் மண்ணூர் வீடு, மங்கலான விளக்கு, ஓடுகிற ஃபேன், மெல்லிசு பனியனோடு இம்மு, அவனுக்குப் பின்னால் மலைபோல் தாஸின் முதுகு. நான் சப்பாத்தி தேய்த்தேன், ஆரோனுக்கு ஊட்டினேன். நிஷா திரை முன்னால் உட்கார்ந்து இம்முவிடம் ஜெர்மனில் கதை சொன்னாள். வீட்டில் தமிழில் பேசு என்று தினமும் அவளிடம் சண்டை போடுகிறவள் நான். அன்றைக்கு விட்டுவிட்டேன். இம்முவுக்கு இன்னும் எந்த மொழியும் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் இம்மு சிணுங்கி, பிறகு வீறிட்டான். முதுகு அசையவே இல்லை. மாவுக் கையோடு இன்னொரு ஃபோனை எடுத்து தாஸின் ஃபோனுக்கு அடித்தேன். துள்ளி எழுந்தான். "ஸ்டாப்புக்கு வந்துக்கினே கீறேண்ணே, ரெண்டு நிமிசம்" என்றான் என்னிடம். டிரைவர் இல்லை தாஸ், நான்தான், பிள்ளையைப் பாருங்கள் என்றேன். அரைத்தூக்கத்தில் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தவன், ஐயோ சுடுது என்று நேராக மருந்து பாட்டிலைக் கையில் எடுத்தான்.

"வேணாம் தாஸ். குடுத்து ரெண்டு மணி நேரம்தான் ஆவுது. பால் குடுங்க, துணிய மாத்துங்க."

பாட்டிலை வைத்துவிட்டான். பால் கொடுத்தான், ஈரத் துணியை மாற்றினான், தோளில் போட்டு இங்குமங்கும் நடந்தான். அந்த அறையில் அவன் போகும் இடமெல்லாம் என் கண்ணும் போனது. இம்மு கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து, என்ன நினைத்தானோ, சிரித்தான். கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்கினான். அவனுக்கு முன்னாலேயே தாஸ் தூங்கிவிட்டான்.

ஜெசி கதவைத் திறந்து வந்தபோது எங்கள் ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. முழு ஷிஃப்ட் நின்றுவிட்டு வந்திருந்தாள். கம்பெனி ஐடி கார்டு இன்னும் கழுத்தில் கிடந்தது. கைகால் கழுவிவிட்டு வந்து பிள்ளையின் நெற்றியில் கை வைத்தாள். பிறகு ஃபோனைக் கையில் எடுத்தாள்.

"இன்னாக்கா, ஹேண்ட்ஓவர் குடு."

ஒப்பித்தேன். மருந்து ஏழு மணிக்கு, அடுத்ததை ராத்திரி ஒரு மணிக்கு முன்னால் கொடுக்கக் கூடாது, அதற்குப் பிறகும் தூங்கினால் எழுப்ப வேண்டாம். பால் ரெண்டு தடவை. துணி மாற்றியாச்சு, நன்றாக நனைந்திருந்தது. அழுதான், சிரித்தான், மூச்சு சீராக இருக்கிறது. சொல்லி முடிக்கும்போது என் குரல் உடைந்துவிட்டது. இத்தனை வருஷமாக அந்த வீட்டில் நடந்த எல்லாவற்றையும் எனக்குத்தான் யாராவது சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் யாரும் கேட்டதில்லை.

ஜெசி அதைக் கவனித்தாளோ என்னவோ, காட்டிக்கொள்ளவில்லை. பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு கொட்டாவி விட்டாள்.

"சரிக்கா. இனிமே நா பாத்துக்கறேன். நீ கெளம்பு."

"நீ தூங்குடி. நான் கொஞ்ச நேரம் ஓவர்டைம் பாத்துட்டுப் போறேன்."